சோத்துமலையில் நட்ட ஊதுபத்தி

மலைமேல் இருக்கிற கோலா தெர்லாவில் நான் வேலை செய்கிற காய்கறிக் கொட்டகைக்கு எதிரே ஒரு பாய் கடை இருக்கிறது. முட்டைக்கோசின் வெளி இலைகளை உரித்து உரித்து இடுப்பு கழன்றுபோன பிறகு, பத்து மணிவாக்கில் அங்கே போய் நுரை பொங்க ஆற்றிய தேநீர், தே தாரேக், ஒன்று குடிப்பேன். ஸ்டூலில் உட்கார்ந்து செய்கிற வேலைதான். ஆனால் உட்கார்வதற்கே இப்போது எனக்கு ஓய்வு தேவைப்படுகிறது. இரண்டு முட்டிகளும் பேச்சு கேட்பதில்லை. படி ஏறாதே என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு காலத்தில் நான் ஏறியதையெல்லாம் படியாகக் கட்டினால் அந்த மனிதர் மயங்கி விழுந்துவிடுவார்.

பாய் வழக்கமாக சாம்பிராணி போடுகிறவர். போன வாரம் சாம்பிராணி தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழத் துண்டில் இரண்டு ஊதுபத்தியைக் குத்தி வைத்திருந்தார். மல்லிகை என்று அட்டையில் படம் போட்டு விற்பார்களே, அது. மல்லிகைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. சோப்பும் சர்க்கரையும் சேர்ந்து கருகினால் வருமே, அப்படி ஒரு வாடை. வெளியே மழை. வாடை ஈரத்தில் கனத்துப்போய் மேசை உயரத்திலேயே நின்றது. நான் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பாய் பின்னாலேயே கூப்பிட்டார். "என்னண்ணே, தே சரியில்லையா?" தே நன்றாகத்தான் இருந்தது. என்னால்தான் அங்கே உட்கார முடியவில்லை.

இதற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால் உங்களைச் சோத்துமலைக்குக் கூட்டிப்போக வேண்டும். பயப்படாதீர்கள், உட்கார்ந்தபடியே போகலாம்.

சோத்துமலை என்று எந்த வரைபடத்திலும் தேடாதீர்கள். தேயிலைக் காடு முடிந்து, பாசி பிடித்த காடு ஆரம்பித்து, மலையின் முதுகின் மேலேயே நடந்து போகிற ஒரு தடம் அப்போது இருந்தது. அந்த முதுகில் இரண்டு பெரிய உச்சிகள். இரண்டுக்கும் பெயர் உண்டு, பலகை உண்டு, அங்கே நின்று படம் எடுத்துக்கொள்ள வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆள் வருவார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன உச்சி, பெரிய மலையின் தோளில் முளைத்த கட்டி மாதிரி. ஏறும்போது மூச்சை வாங்கிவிடும். ஏறி முடித்தால் பார்க்க ஒன்றும் இருக்காது. சுற்றிலும் பனி, காலடியில் குரங்குப் பானை என்று மலாய்க்காரர்கள் சொல்கிற குடுவைச் செடிகள், அவ்வளவுதான். மேலே வந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, இதுதான் உச்சியா என்று. இல்லை என்றதும் முகம் தொங்கிப்போகும். அந்த முகங்களுக்குச் சாப்பாடு கொடுத்துச் சமாதானப்படுத்துகிற இடம் என்பதால் நாங்கள் அதற்குச் சோத்துமலை என்று பெயர் வைத்திருந்தோம். நெத்திலிச் சம்பலும் அவித்த முட்டையும் வைத்த சோற்றுப் பொட்டலம். அந்தக் குளிரில் அதைப் பிரித்தவுடன் எழும்புகிற வாழையிலை வாசனைக்கு இரண்டு உச்சிகளையும் எழுதிக் கொடுக்கலாம்.

நாங்கள் என்றால் நானும் மாணிக்கமும். இரண்டு பேரும் ஒரே எஸ்டேட்டில், பக்கத்துப் பக்கத்து லைன் வீட்டில் பிறந்தவர்கள். அவன் என்னைவிட இரண்டு வயது பெரியவன், அதை ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. டே, மச்சான் என்றுதான் பேச்சு, வாய்க்கு வாய் ஒரு லா வேறு, அது எங்கள் ஊர் வழக்கம். நான் தேயிலைத் தொழிற்சாலையில் கொஞ்ச நாள் இலை வாட்டினேன். அந்தப் பச்சை வாடை தலைக்குள் ஏறி, சோற்றில்கூட தேயிலை மணக்க ஆரம்பித்ததும் விட்டுவிட்டேன். மாணிக்கம் அதற்கு முன்பே தானா ராத்தாவில் ஒரு விடுதியில் வழிகாட்டியாகச் சேர்ந்திருந்தான். அவன்தான் என்னை முதலாளியிடம் கூட்டிப்போனான். "நல்லா தூக்குவான் பாஸ். கொஞ்சம் சோம்பேறி, ஆனா நல்லவன் லா," என்று சிபாரிசு செய்தான். இந்தச் சிபாரிசில் சோம்பேறி என்கிற பாதி எவ்வளவு சரியாக இருந்தது என்பது போகப்போகத் தெரியும்.

வேலை இப்படி. நான் மூட்டையோடு முன்னால் போய்விடுவேன். பொட்டலங்கள், பம்ப் அடுப்பு, மண்ணெண்ணெய், கெண்டி, மழைக்குக் கென்வஸ் துணி எல்லாம் என் முதுகில். மாணிக்கம் விருந்தாளிகளை மெதுவாக நடத்திக்கொண்டு பின்னால் வருவான். அவர்கள் சோத்துமலைக்கு வந்து சேரும்போது தேநீர் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். மழை பலமாக இருந்தால் சோத்துமலையில் நிற்கக்கூடாது. உட்கார இடமில்லை. நான் தாண்டிப் போய், பெரிய உச்சிக்குக் கீழே இருந்த தகரக் கொட்டகையில் அடுப்பைப் பற்றவைப்பேன். அவர்களும் நேரே அங்கே வந்துவிடுவார்கள்.

சோத்துமலை உச்சியில்தான் தடம் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் ஒரு கோணல் மரம். அதன் வேரைச் சுற்றிக்கொண்டு போனால் பெரிய உச்சிக்குச் சரியான வழி. வலது பக்கம் ஒரு பாறை, மழைக்கு ஒதுங்குகிற மாதிரி குடைந்த பாறை. அதன் பின்னாலிருந்து இன்னொரு தடம் இறங்கும். அது பார்க்க நல்ல தடமாகவே இருக்கும், ஆனால் ஒரு பள்ளத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். யார் எதற்காக வெட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

கோணல் மரத்தடியில் ஒரு கல். எங்களுக்கு முன்னால் மூட்டை தூக்கியவர்கள் யாரோ அதை முனியாண்டி ஆக்கியிருந்தார்கள். முன்னால் போகிறவன் அங்கே ஒரு கொத்து ஊதுபத்தியைக் கொளுத்தி நட்டுவிட்டுத்தான் தாண்டிப் போக வேண்டும். அது எங்களுக்குள் இருந்த வழக்கம். காட்டைத் தாண்டவிடு சாமி என்று ஒரு கும்பிடு. பாசியும் மட்கிய இலையும் மணக்கிற அந்த உச்சியில், பனி இறங்கி எதிரே நிற்கிற ஆள் தெரியாத நேரத்திலும், அந்த மட்டமான மல்லிகை வாடை மட்டும் கெட்டியாக நிற்கும்.

ஒருநாள் விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாணிக்கம் என்னைத் தள்ளிக் கூப்பிட்டான். கையில் சோற்றுப் பொட்டலம், பிரிக்காமலே இருந்தது.

"மச்சான், எனக்கு ஓரம் எதுவும் தெரியல லா."

"என்னது ஓரம்?"

"நேரா பாத்தா தெரியுது. பக்கத்துல ஒண்ணும் தெரியல. பைப்பு வழியா பாக்கற மாதிரி இருக்கு. வரவர பைப்பு சின்னதாயிட்டே வருது."

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டான். சரியாக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் கமலாவுக்கு, அவன் மனைவிக்கு, இன்னும் சொல்லவில்லை. மூத்த பெண் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் பாரம் முடிக்கிற வரைக்கும் இந்த வேலையில் நின்றுவிட்டால் போதும் என்றான். இன்னும் இரண்டு வருடம். அப்புறம் வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம். எப்படிடா இவ்வளவு நாளும் தடம் தப்பாமல் கூட்டிவருகிறாய் என்று கேட்டேன்.

"தடம் காலுக்கே தெரியும். இந்த ஒரு எடம்தான் சூசா, ரொம்பக் கஷ்டம். மரம் ஓரமா நிக்குது, கண்ணுல மாட்ட மாட்டேங்குது. பத்தி வாடைய புடிச்சுகிட்டு அது பக்கமா போயிருவேன். நீ மறக்காம நட்டுரு மச்சான், அது போதும்."

நான் முனியாண்டி கல்லைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். சினிமாவில் செய்கிற மாதிரி கொஞ்சம் அதிகமாகவே செய்தேன் என்று நினைக்கிறேன். அவன் சிரித்துக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்தான்.

இப்போது யோசித்தால், எங்களை நம்பி வந்தவர்களுக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த துரோகம்தான் அது. அப்போது அப்படித் தோன்றவில்லை. அவன் பிள்ளை படிக்க வேண்டும், அதற்கு நான் பத்தி நட வேண்டும், கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. வேடிக்கை என்னவென்றால், பனி நாட்களில் அவனைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. மற்றவர்கள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு தடுமாறும்போது அவன் பாட்டுக்கு நடப்பான். விருந்தாளிகள் பூரித்துப்போவார்கள். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. நானும் ஒருநாள் தவறாமல் நட்டேன்.

அந்த நாள் எப்படி வந்தது என்றால், எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. முந்தின நாள் ரிங்லெட்டில் பெண் வீட்டில் பரிசம் போட்டார்கள். பந்தல் போட்டதிலிருந்து நாற்காலி திருப்பிக் கொடுத்தது வரை மாப்பிள்ளையே அலைந்த பரிசம் அது. மறுநாள் விடிந்ததும் ஆறு விருந்தாளிகள், மலை முழுக்க மழை. மாணிக்கம் கிளம்பும்போதே கிண்டல் செய்தான். "மாப்ள, நடந்துக்கிட்டே தூங்கிறாத." எனக்கு உண்மையிலேயே ஒவ்வொரு காலும் சோற்றுப் பானை மாதிரி கனத்தது. சோத்துமலைக்கு ஏறும்போது, இந்த மூட்டையை இங்கேயே உருட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டால் என்ன என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

உச்சியில் பனி இறங்கிக்கொண்டிருந்தது, காற்று மரத்துப் பக்கமிருந்து அடித்தது. கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பத்தி கொளுத்தினேன். அணைந்தது. இன்னும் மூன்று குச்சி கிழித்தேன். அணைந்தது. தீப்பெட்டி நமத்துப்போயிருந்தது. விரல் மரத்துவிட்டது. எதிரே பார்த்தேன், பாறைக் குடைவுக்குள் சொட்டு மழை இல்லை. அங்கே போய்க் கொளுத்தினேன், முதல் குச்சியிலேயே பற்றிக்கொண்டது. அதை மறுபடி மரத்தடிக்குக் கொண்டுபோனால் மறுபடி அணையும். பாறை இடுக்கிலேயே நட்டுவிட்டேன். முனியாண்டி இந்தப் பக்கமும்தான் இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாணிக்கம் வரும்போது நான்தான் இருப்பேனே, கையைப் பிடித்துத் திருப்பிவிடலாம் என்றும் நினைத்தேன்.

மழைக்கு நான் நிற்கக்கூடாது, தாண்டிப் போக வேண்டும். அதையும் செய்யவில்லை. ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று பாறைக் குடைவிலேயே அடுப்பை இறக்கினேன். மண்ணெண்ணெய் ஊற்றும்போது கை தவறிப் பாதி தரையில் கொட்டியது. கெண்டியை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கீழே இருந்த ஊற்றுக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். கெண்டி நிரம்புகிற வரைக்கும் ஒரு மரத்தில் சாய்ந்தேன். தூங்கினேனா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

மேலே வந்து தேநீர் போட்டேன். குடித்தேன். அவர்கள் வரவில்லை. இன்னொரு கோப்பை குடித்தேன். இந்த இரண்டாவது கோப்பையைத்தான் இத்தனை வருடமாக என்னால் விழுங்க முடியவில்லை. வெள்ளைக்காரர்கள் குடுவைச் செடியைப் படம் எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள் போல என்று நினைத்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். மழை கொஞ்சம் விட்டு வெளிச்சம் வந்தபோது பாறைக்குப் பின்னால் இறங்குகிற சேற்றைப் பார்த்தேன். பூட்ஸ் தடங்கள். ஏழு பேர் தடம். புதுசு.

நான் ஓடினேன், கத்தினேன், விழுந்தேன். பதில் வர வெகுநேரம் ஆனது. பள்ளத்தில் மாணிக்கம் சேற்றில் உட்கார்ந்திருந்தான். ஒரு வெள்ளைக்காரம்மாவின் காலைத் தன் மடியில் வைத்துத் தன் சட்டையால் கட்டியிருந்தான். கணுக்கால் உடைந்திருந்தது. அந்த அம்மாள் அழக்கூட இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு அவன் தோளைப் பிடித்திருந்தார். என் சத்தம் கேட்டு அவன் முகத்தைத் திருப்பினான், நான் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி.

"வந்துட்டியா," என்றான்.

கென்வஸ் துணியில் கம்பு கட்டி அந்த அம்மாளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். முன்பக்கம் நான், பின்பக்கம் அவன். வழியெல்லாம் அவன் மூச்சு என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. கேள் டா, திட்டு டா என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் காலை விடுதியின் சமையல்கட்டில் முதலாளி எங்களை நிற்க வைத்துக் கேட்டார். நல்ல மனிதர், கத்தமாட்டார். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எட்டு வருசம் மாணிக்கம். மழையோ பனியோ, ஒருநாள் நீ தடம் தப்புனதில்ல. நேத்து எப்படி?" அப்புறம் என் பக்கம் திரும்பினார். "முன்னால போன ஆளு எங்க இருந்த? கொட்டகையிலயும் இல்லியாமே?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாணிக்கம் பேசிவிட்டான்.

"அவன் மேல தப்பு இல்ல பாஸ். எனக்குக் கண்ணு தெரியல."

முதலாளிக்குப் புரியவில்லை. மாணிக்கம் எல்லாவற்றையும் சொன்னான், பைப்பு, ஓரம், ஆஸ்பத்திரி, எல்லாம். ஊதுபத்தியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. முதலாளி மெதுவாகத் தன் கையை அவன் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விரலை ஆட்டினார். "தெரியுதா?" "தெரியல பாஸ்." கையை இன்னும் முன்னால் கொண்டுவந்தார். "இப்ப?" "தெரியல." மாணிக்கம் தன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். வைத்த இடம் மேசை விளிம்பு. தொப்பி கீழே விழுந்தது. நான் எடுத்து வைத்தேன். அந்தக் காலையில் நான் செய்த ஒரே காரியம் அதுதான்.

வெளியே கமலா காத்திருந்தாள். தேயிலைக் காட்டிலிருந்து கூடையோடு அப்படியே ஓடி வந்திருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஒரு வருசமாவா? எனக்குக்கூட சொல்லலியா?" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "உங்களுக்காச்சும் தெரியுமாண்ணே?" என்று கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் மாணிக்கத்தின் வேலையை முதலாளி எனக்குக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். கல்யாணம் வருகிறது, வீடு பார்க்க வேண்டும் என்று காரணங்கள் வரிசையில் நின்றன. எப்படியும் அவன் கண் போகத்தான் போகிறது, இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு விபத்து நடந்திருக்கும் என்று ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். அது உண்மையும்கூட. உண்மையாக இருந்து என்ன பயன், ஒருநாளும் அது எனக்குத் தூக்கம் கொடுத்ததில்லை. மூத்த பெண் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு கடைக்கு வேலைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். மாணிக்கம் குடும்பத்தோடு ரிங்லெட் பக்கம் ஒரு பூத்தோட்டத்துக்குப் போய்விட்டான். என் மாமியார் வீடு அங்கேதான், மாதம் ஒருமுறை போவேன். அந்தத் தெரு வழியாக மட்டும் போகமாட்டேன்.

அந்த மலைமுதுகில் இப்போது யாரும் நடப்பதில்லை. மண் சரிந்துகொண்டே இருந்ததால் தடத்தை மூடிவிட்டார்கள். விடுதி இருந்த இடத்தில் செல்போன் கடை. என் மகன் கைபேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். பெரிய உச்சி இரண்டுக்கும் பெயர் இருக்கிறது. நடுவில் இருக்கிற கட்டிக்கு ஒரு நம்பர் மட்டும், அதன் உயரம். "இங்க என்னப்பா இருக்கு?" என்றான். சோறு சாப்பிடுவோம் என்றேன்.

பாய் கடையிலிருந்து எழுந்து வந்தேன் என்றேனே, அன்றைக்குக் கொட்டகைக்குத் திரும்பவில்லை. ரிங்லெட் போகிற காய்கறி லோரி ஒன்றில் ஏறிவிட்டேன். இருபது வருடமாகப் போகாத தெருவில், முட்டி வலியோடு நடந்து, கேட்டுக் கேட்டு அவன் வேலை செய்கிற இடத்தைக் கண்டுபிடித்தேன். பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் மாணிக்கம் சாமந்திப் பூவைக் கொத்துக் கொத்தாக ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தான். பைப்பு முழுக்க மூடிவிட்டது. தலை நரைத்திருந்தது. விரல் மட்டும் அதே சுறுசுறுப்பு. நான் மூச்சு வாங்கிக்கொண்டு அவன் எதிரே போய் நின்றேன்.

"யாரு, மாப்ளயா?" என்றான். "அதே மூச்சு லா. இன்னும் கொறையல."

என்னைப் பக்கத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார வைத்தான். கமலாவுக்குச் சர்க்கரை, மூத்தவளுக்கு இரண்டு பிள்ளைகள், எல்லாம் சொன்னான். நான் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. அவன் நிறுத்தியதும் சொல்லிவிட்டேன். காற்று, நமத்த தீப்பெட்டி, பாறை இடுக்கு, இரண்டாவது கோப்பை வரை. அவன் கை நிற்கவே இல்லை. ஒரு கொத்து, ரப்பர் பேண்டு, அடுத்த கொத்து.

"தெரியும் டா," என்றான்.

"எப்படி?"

"பத்தி வாடையோட மண்ணெண்ண வாடையும் வந்துச்சு. முனியாண்டி பக்கம் நீ எப்பவும் அடுப்பு வெக்க மாட்ட. பாறப் பக்கம்னு அப்பவே மூக்கு சொல்லிருச்சு. ரெண்டு நிமிசம் நின்னேன். உன்னக் கூப்பிட்டுப் பாத்தேன், பதில் இல்ல. சரி, தாண்டிப் போயிட்டான்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன்டா போன?"

"பத்தி நீ நட்டதுல்ல? நீ தப்பா நடமாட்டன்னு போயிட்டேன் லா."

கோபமே இல்லாமல் சொன்னான். மழை எப்போது விடும் என்று சொல்கிற மாதிரி. நான் இத்தனை வருடமும் அவன் மூக்கை ஏமாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் மூக்கு ஏமாறவில்லை. தன் மூக்கைத் தள்ளிவைத்துவிட்டு என்னை நம்பிப் போயிருக்கிறான். என் பெண்டாட்டி பிள்ளைகள்கூட என்னை அப்படி நம்பியதில்லை. இனிமேல் யாரும் நம்பப்போவதும் இல்லை. சோத்துமலை அங்கேயேதான் கிடக்கிறது. அங்கே என்னை நம்பி நடந்த அந்தப் பழைய மாணிக்கம்தான் இல்லாமல் போய்விட்டான்.

சாயங்காலம் வேலை முடிந்து எழுந்தான். கொட்டகை வாசலில் ஒரு சாக்கடை, மேலே ஒற்றைப் பலகை. நான் பக்கத்தில் போய், "என் கையப் புடிச்சுக்க மச்சான்," என்றேன்.

"வேணாம் லா. குச்சி இருக்கு," என்றான். பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு முன்னால் நடந்து போனான்.